பாசிச்சடைப் பூதம் கேட்ட மெட்டு

முன்னொரு காலத்திலே, காட்டு மரங்கள் ஆள் இல்லாத நேரம் பார்த்து இடம் மாறி நிற்கும் என்று ஜனங்கள் நம்பிய காலத்திலே, மஞ்சாடிபுரம் என்றொரு ராஜ்யம் இருந்தது. நம்பினார்கள் என்றா சொன்னேன்? கண்ணாலேயே பார்த்தவர்கள் இருந்தார்கள். நடுவில் குறுக்குக் கேள்வி கேட்காமல் கேளுங்கள், கதை கொஞ்சம் நீளம்.

மஞ்சாடிபுரத்து மகாராஜா பேர் திடவிக்கிரமன். நல்ல மனுஷர். கோபம் குறைவு, பசி அதிகம். அவரிடம் ஒரு பல்லியம் இருந்தது. பல்லியம் என்றால் பல வாத்தியங்கள் ஒன்றாய்க் கூடி வாசிக்கிற பெரிய கூட்டம். நாகஸ்வரம், குழல், யாழ், முகவீணை, கொம்பு, உறுமி, மத்தளம், ஜால்ரா என்று எது வேண்டும் உங்களுக்கு, எல்லாம் உண்டு. அத்தனைக்கும் முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு வெள்ளி எக்காளம். அதை ஊதுவது வேறு யாருமில்லை, மகாராஜாவேதான்.

இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ராஜ எக்காளம் முதலில் புறப்படும், மற்ற வாத்தியமெல்லாம் பின்னால் வரும். என்ன ஆனாலும் சரி, எந்த வாத்தியமும் எக்காளத்தை முந்தக் கூடாது, எட்டிப் பிடிக்கவும் கூடாது. இப்படிச் சட்டம் போட்டவர் யாரும் கிடையாது. ஆனால் மஞ்சாடிபுரத்து வித்வான்கள் பிள்ளைக்கு வாத்தியத்தைப் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவார்கள்.

பல்லியத்துக்கு மெட்டுப் போடுகிறவள் அஞ்சுகம். அவள் மெட்டுப் போட உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும், அடுப்பு அணைந்துபோகும், பக்கத்தில் வந்து கூப்பிட்டாலும் காதில் விழாது. வாய்த்துடுக்கு வேறு. மந்திரி, சேனாதிபதி யாராயிருந்தாலும் பட்டென்று சொல்லிவிடுவாள். அவள் புருஷன் மாசிலாமணி மத்தள வித்வான். மெத்தனமான ஆள். எங்கே உட்கார்ந்தானோ அங்கேயே சாய்ந்துகொள்வான். ஆனாலும் அவன் மேல் அஞ்சுகத்துக்கு உயிர். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டால்தான் அவளுக்கு மெட்டே வரும்.

மழைக்காலம் முடிந்ததும் அந்த ஊரே வனபோஜனத்துக்குக் கிளம்பும். அந்த வருஷமும் கிளம்பிற்று. கொடிவனம் என்கிற காட்டில் வெயில் இறங்காத ஓரிடத்தில் பாயை விரித்து, புளியோதரை, தயிர்சாதம், மாவடு என்று ஒரு பிடி பிடித்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மகாராஜா எக்காளத்தை எடுத்தார். வித்வான்கள் அவரவர் வாத்தியத்தை எடுத்தார்கள். மாசிலாமணிக்கோ மத்தளத்தை உறையிலிருந்து எடுக்கச் சோம்பல். சாய்ந்துகொண்டிருந்த பாசி படர்ந்த பாறையிலேயே விரலால் ஒரு குறும்புத் தாளம் தட்டினான்.

பாறை எழுந்து நின்றது.

அது பாறை இல்லை ஐயா, முதுகு! எழுந்தது, எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. தலை மரங்களுக்கு மேலே போய்விட்டது. தலையிலிருந்து இடுப்புவரை பச்சைப் பாசியாய்ச் சடை. ஒரு காதில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. மூச்சு விட்டால் ஈர மண் வாசனை அடித்தது. அதுதான் பாசிச்சடைப் பூதம், கொடிவனத்துக்குக் காவல்.

"யார்றா என் முதுகுல தாளம் போட்டது?"

மாசிலாமணி கை கூப்பினான். "நான்தான் சாமி. பாறைன்னு நெனச்சுட்டேன்."

"தாளம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் வினை. அங்க பார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மரங்கள் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. கொடிகள் ஆட்கள் பக்கமாய் நீண்டிருந்தன. மான், மந்தி, அணில், ஆமை எல்லாம் வரிசையாய் வந்து நின்றன. ஒரு சின்ன ஓடை வழக்கமான வழியை விட்டுப் பாதி தூரம் ஏறி வந்து எட்டிப் பார்த்தது. காடு முழுக்க எதையோ ஆசையாய் எதிர்பார்த்து நின்றது.

"உன் ராஜாவோட பாட்டன் காலத்துல இங்க துரத்து மெட்டு வாசிப்பாங்க," என்றது பூதம். "காடு கூடவே விளையாடும். அப்புறம் என்ன ஆச்சோ, ராஜாவைப் புகழ்ற பாட்டா வாசிக்க ஆரம்பிச்சீங்க. அலுத்துப்போய்க் காடு தூங்கிடுச்சு. இத்தனை காலம் கழிச்சு இவன் எழுப்பிட்டான். எழுப்பினவங்க விளையாட்டுக் காட்டணுமா இல்லையா? என் காடு சிரிக்கிற மாதிரி ஒரு மெட்டுக் கொண்டாங்க. அதுவரைக்கும் இவன் இங்க நிக்கட்டும்."

பூதம் சுண்டுவிரலால் மாசிலாமணியின் தலையைத் தொட்டது. அவ்வளவுதான். அவன் பாதம் வேராகி மண்ணில் இறங்கியது. முழங்கால்வரை மரப்பட்டை ஏறியது.

"மூணு தடவை வாசிக்கலாம். காடு சிரிக்காத ஒவ்வொரு தடவையும் பட்டை மேல ஏறும். மூணாவது தடவை உச்சந்தலையைத் தாண்டிடும். தாண்டிட்டா என்னாலயும் திருப்ப முடியாது," என்று சொல்லிவிட்டுப் பூதம் உட்கார்ந்துகொண்டது.

அஞ்சுகம் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். கால் எங்கே இருக்கிறது? சொரசொரவென்று மரம்தான் இருந்தது.

"அழாத," என்றான் மாசிலாமணி. "எனக்கு ஒண்ணும் வலிக்கல. வேர் வழியா தண்ணி வருது, குளுகுளுன்னு இருக்கு. நீ மெட்டைப் போடு."

"உங்களை யாரு பாறையைத் தட்டச் சொன்னது? மத்தளம் என்ன மலையாட்டம் கனமா?" என்று திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் தடவை அவள் என்ன செய்தாள் தெரியுமா? காடெல்லாம் அலைந்து ஒவ்வொரு குரலையும் காதில் வாங்கிவந்தாள். குயிலைக் குழலுக்குக் கொடுத்தாள், மயிலை நாகஸ்வரத்துக்குக் கொடுத்தாள், புலியை உறுமிக்குக் கொடுத்தாள். பல்லியம் வாசித்தது. அடடா, அச்சு அசல்! மஞ்சாடிபுரத்து ஜனங்கள் புலி வந்துவிட்டது என்று ஓடவே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் காடு சிரிக்கவில்லை. நிஜக் குயில் ஒன்று கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வேறு கிளைக்குப் போய்விட்டது.

"குயில் என்கிட்டயே நிறைய இருக்கு பொண்ணே," என்றது பூதம். பட்டை மாசிலாமணியின் இடுப்புக்கு ஏறியது.

அஞ்சுகம் அவன் வேரடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மகாராஜா பல்லக்கு அனுப்பினார், போகவில்லை. சாப்பாடு அனுப்பினார், தொடவில்லை. காட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கத்தான் ஒன்று உறைத்தது. இத்தனை நேரம் காடு போடுகிற சத்தத்தைக் கேட்டாளே ஒழிய, காடு என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. ஓர் அணில் இன்னோர் அணிலைத் துரத்தியது. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடின. மந்திக்குட்டி ஒன்று பெரிய மந்தியின் வாலை இழுத்துவிட்டுப் பறந்தது. காற்றுகூட ஒரு சருகைத் துரத்திக்கொண்டுதான் போயிற்று.

நேரே பூதத்திடம் போய் நின்றாள். "பூதராஜா, துரத்து மெட்டுன்னா எப்படி இருக்கும்?"

பூதம் கண்ணை மூடிக்கொண்டு முனகியது. அம்மம்மா, அந்த முனகலை எப்படிச் சொல்லுவேன்! தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் ஒரு வரியைச் சொல்லிவிட்டு ஓடியது. அது முடிப்பதற்குள் இரண்டாவது குரல் அதே வரியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது. அதற்குப் பின்னால் மூன்றாவது. ஒரே வாயில் மூன்று குரல்! மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வளைந்து, குதித்து ஓடின. அஞ்சுகத்தின் கண்ணில் நீர் கொட்டியது. இப்படியும் ஒன்று உலகத்தில் உண்டா என்று திகைத்துப்போனாள். பூதம் பாதியிலேயே நிறுத்திவிட்டது. "மிச்சம் மறந்துபோச்சு. உன் மெட்டை நீதான் போடணும்" என்றது.

அஞ்சுகம் போட்டாள். மெலிதாய் ஒரு வரி எடுத்துக்கொண்டாள். அணில் ஓடி நின்று திரும்பிப் பார்க்குமே, அந்த அளவு வரி. அதை எக்காளத்திடம் கொடுத்து ஓடவிட்டாள். பின்னால் நாகஸ்வரத்தை அனுப்பினாள். யாழுக்கு அதே வரியைக் கொடி சுற்றின தூண் மாதிரி வளைவும் சுருளுமாய் அலங்காரம் பண்ணிக் கொடுத்தாள். மந்தியின் தாவலை முகவீணைக்கு, யானையின் அசமந்த நடையைக் கொம்புக்கு, எறும்புச் சாரியை ஜால்ராவுக்கு. பழைய பாணிதான், ஆனால் அதன் உள்ளே ஓடியதெல்லாம் அவள் கண்ணால் கண்ட காடு. மாசிலாமணி மேலேயிருந்து, "அந்தக் கொம்பைக் கொஞ்சம் தடுக்கி விழ விடு, யானை சேத்துல வழுக்கும்ல?" என்பான். அவளும் வழுக்கவிடுவாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். மரம் பாதி, மனுஷன் பாதியாய் நிற்கிறவனோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்குத் திடீரென்று நினைப்பு வரும். உடனே எழுத்தாணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

இரண்டாம் தடவை பல்லியம் வாசித்தது. எக்காளம் ஓடியது, நாகஸ்வரம் துரத்தியது, யாழ் சுருண்டு சுருண்டு பின்னால் போனது. காடு அசைந்தது! மூங்கில்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. கொடிகள் ஊஞ்சலாட ஆரம்பித்தன. அணில்கள் மரத்தைவிட்டு இறங்கி வித்வான்களின் மடிக்கே வந்துவிட்டன. இதோ சிரிக்கப்போகிறது, இதோ சிரிக்கப்போகிறது என்று அஞ்சுகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எக்காளம் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றதெல்லாம் துரத்திக்கொண்டே இருந்தன. ஓடிக்கொண்டே இருந்தது, துரத்திக்கொண்டே இருந்தன. அணில் ஒன்று கொட்டாவி விட்டது. கொடிகள் நின்றுபோயின.

"அழகுதான்," என்றது பூதம். அதற்கே வருத்தமாய் இருந்தது போலிருக்கிறது. "ஆனா யாரும் யாரையும் பிடிக்கலையே. பிடிக்கவே போறதில்லைன்னா அது என்ன விளையாட்டு?"

பட்டை கழுத்துக்கு ஏறியது. மாசிலாமணியின் இரண்டு கையும் கிளையாகி மேலே தூக்கிக்கொண்டன. விரலெல்லாம் தளிர் விட்டது. தாளம் போட இனி அவனுக்கு விரல் இல்லை.

அஞ்சுகம் தலையில் அடித்துக்கொண்டாள். எக்காளத்தை யாரும் பிடிக்கக் கூடாது என்ற பழக்கம் அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது. மெட்டுப் போடும்போது அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் கையே அப்படிப் போட்டுவிட்டது. மந்திரிக்குப் பயப்படாதவள், சேனாதிபதிக்குப் பயப்படாதவள், ஒரு வழக்கத்துக்குப் பயந்திருக்கிறாள்!

நேரே அரண்மனைக்கு மகாராஜாவிடம் போனாள்.

"மகாராஜா, உங்க எக்காளம் பிடிபடணும்."

அரண்மனையே அதிர்ந்துபோயிற்று. மகாராஜாவின் வாயிலிருந்த அதிரசம் கீழே விழுந்தது. "என்ன பேசற அம்மா நீ? எக்காளம் பிடிபட்டா ராஜ்யம் என்ன ஆகும்?"

"என்ன ஆகும் மகாராஜா?"

மகாராஜா யோசித்தார். மந்திரியைப் பார்த்தார். மந்திரி சேனாதிபதியைப் பார்த்தார். "தெரியாது," என்றார் மகாராஜா. "இதுவரைக்கும் யாரும் பிடிச்சதில்லையே."

"அவர் கழுத்து வரைக்கும் மரமாயிட்டார் மகாராஜா. இன்னொரு தடவை தவறினா உச்சந்தலையும் போயிடும். அவர் இல்லாம எனக்கு மெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்க பெருமையை ஒரே ஒரு தடவை விட்டுக் கொடுங்க. என் புருஷனைக் கேக்கறேன், வேற எதுவும் கேக்கல," என்று சொல்லி அஞ்சுகம் அங்கேயே தேம்பி அழுதாள்.

மகாராஜா குனிந்து விழுந்த அதிரசத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "சின்ன வயசுல தோட்டத்துல ஓடிப் பிடிச்சு விளையாடுவேன் அஞ்சுகம். பின்னால நிறையப் பிள்ளைங்க வரும். மூச்சிரைக்க ஓடிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். எல்லாரும் மெதுவா நடந்து வந்துக்கிட்டிருப்பாங்க. நான் நின்னா அவங்களும் நின்னுடுவாங்க. பெருமையாம் பெருமை! நீ பிடிக்கச் சொல்லு. பிடிக்கிறாங்களான்னு நானும் பார்க்கறேன்."

மறுநாள் காலை மூன்றாம் தடவைக்குப் பல்லியம் கூடியது. அஞ்சுகம் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள்: "இந்த இடத்துல எக்காளம் திரும்பும். அப்ப நீங்க எட்டிப் பிடிச்சிடணும்." ஒவ்வொருவரும் "ஆகட்டும் அம்மா" என்றார்கள்.

எக்காளம் புறப்பட்டது. அதன் பின்னால் நாகஸ்வரம், யாழ், முகவீணை, சேற்றில் வழுக்கும் கொம்பு, சாரி சாரியாய் ஜால்ரா. காடு மறுபடி அசைந்தது. மூங்கில் தட்டியது, கொடி ஆடியது, அணில் மடிக்கு வந்தது. மகாராஜா எக்காளத்தை ஊதிக்கொண்டே மரங்களுக்கு நடுவே ஓடினார். அந்த இடம் வந்தது. எக்காளம் திரும்பியது.

நாகஸ்வரக்காரர் மூச்சை இழுத்தார், இழுத்த மூச்சை அப்படியே விழுங்கிவிட்டார். யாழ்க்காரி விரல் நரம்பை விட்டு விலகிக்கொண்டது. கொம்பு பின்வாங்கியது. வேண்டுமென்று செய்யவில்லை பாவம், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். மகாராஜா ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். எல்லோரும் எட்டத்தில் நின்றார்கள். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல் வாடிப்போயிற்று.

பட்டை மாசிலாமணியின் தாடைக்கு ஏறியது. உதட்டை மூடியது. மூக்கை மூடப்போகிறது. கண் மட்டும் அஞ்சுகத்தையே பார்த்தது.

ஐயோ என்று ஒரு சத்தம் அஞ்சுகத்தின் வயிற்றிலிருந்து வந்தது. அவள் மெட்டுப் போடுகிறவள்தான், வாசிக்கிறவள் இல்லை. ஜன்மத்தில் ஒரு வாத்தியத்தையும் ஜனங்கள் முன்னால் தொட்டதில்லை. வேரடியில் கிடந்த மத்தளத்தை உறையோடு தூக்கி, உறையைப் பல்லால் கிழித்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே அடித்தாள். ஒன்று பிசகு, இரண்டும் பிசகு. மூன்றாவது அடி இடம் தவறி எக்காளத்துக்கு முன்னால் போய் விழுந்தது!

"பிடிச்சாச்சு!" என்று கத்தினாள்.

எக்காளம் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. காடு நின்றது. காற்று நின்றது. மகாராஜா அஞ்சுகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், நரைத்த மீசைக்குக் கீழே அப்படி ஒரு சிரிப்பை அந்த ஊர் கண்டதே இல்லை. "அப்படியா சேதி!" என்று எக்காளத்தைத் திருப்பிப் பிடித்து ஊதிக்கொண்டு மத்தளத்தைத் துரத்த ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், கட்டு உடைந்தது. நாகஸ்வரம் எக்காளத்தைத் துரத்தியது. முகவீணை நாகஸ்வரத்தைத் துரத்தியது. துரத்தினது பிடிபட்டது, பிடிபட்டது துரத்தியது. ஜால்ரா போய் யானை நடை போட்ட கொம்பையே பிடித்தது.

காடு சிரித்தது.

எப்படிச் சிரித்தது என்று கேட்கிறீர்களா? முதலில் சத்தமே இல்லை. அந்த வனத்து இலைகள் அத்தனையும் ஒரே நொடியில் மல்லாந்து வெள்ளையாய் மின்னின. பிறகு வேருக்கடியிலிருந்து ஒரு குலுக்கல். மரங்கள் பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்க, மண்ணை விட்டுக் காலை எடுத்து இடம் மாறி ஓடின. ஆலமரம் புளியமரத்தைப் பிடித்தது. ஓடை பாறைமேல் ஏறிக் குதித்தது. ஆமைகள் முயலுக்கு முன்னால் போயின. யானைகள் வந்தன, சேற்றில் வழுக்கின, வழுக்கினதற்குச் சிரித்துக்கொண்டு எழுந்தன. பூதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் காதிலிருந்த இருவாச்சிகள் பறந்தே போய்விட்டன. ஜனங்கள் கை கூப்பி நின்றார்கள். சிலர் அழுதார்கள்.

அந்தக் குலுக்கலில் மாசிலாமணி மேலிருந்த பட்டை பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. கிளை கையாயிற்று, வேர் காலாயிற்று. அஞ்சுகம் மத்தளத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள், முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சதைதான்.

பூதம் மகாராஜாவிடம், "வருஷா வருஷம் வாங்க. தானா விழுந்த மரமெல்லாம் உங்க வாத்தியத்துக்கு எடுத்துக்கங்க, பச்சை மரத்தைத் தொடாதீங்க" என்றது. மகாராஜா சரியென்று தலையாட்டினார். ஆனால் காதில் வாங்கினாரோ என்னவோ. சேனாதிபதி பின்னாலிருந்து துரத்திக்கொண்டு வந்தார், மகாராஜா ஓட வேண்டியிருந்தது. எக்காளத்தைப் பிடிக்கக் கூடாது என்று அதற்கப்புறம் மஞ்சாடிபுரத்தில் எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

மாசிலாமணி காலை உதறிப் பார்த்தான். இடது காலைத் தூக்கினான், வலது காலைத் தூக்கினான். சட்டென்று அஞ்சுகத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினான். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத அந்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அஞ்சுகம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"ஏன்? துரத்த மாட்டியா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

"நீங்க ஓடுங்க," என்றாள் அஞ்சுகம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் கொஞ்ச நேரம் உக்காந்து பார்க்கறேன்."

அவன் ஓடினான். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை அவ்வளவுதான். கேட்டவர்கள் காலெல்லாம் திடமாய் இருக்கட்டும், சொன்ன வாய்க்கு யாராவது ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.